போட்டி ரோபோ வீலுக்குப் புது ட்ரெட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரெட் என்றால் வீலின் ரிம்மைச் சுற்றிப் போடும், தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டை. புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரி, பள்ளி ரோபோ அணிகளிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கணக்குகளை ஒரே ஒரு மாதிரி ரோபோவை வைத்துப் போட்டிருக்கிறோம்: மொத்த எடை 8 கிலோ, நாலு வீலிலும் தனித்தனி 12 வோல்ட் கியர் மோட்டார், ரிம் விட்டம் 100 மி.மீ., அகலம் 25 மி.மீ., ரிம்மின் சுவர்த் தடிமன் 4 மி.மீ. உங்கள் ரோபோவின் அளவு வேறாக இருந்தால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

ட்ரெட் தேய்ந்துவிட்டதா, அழுக்குதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கழுவிப் பாருங்கள். பளபளவென்று மழுங்கி நிற்கும் ட்ரெட்டில் பாதிக்குப் பாதி வெறும் தூசிப் படலம்தான். ஈரத் துணியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடை. அப்படியும் பிடிப்பு வரவில்லை என்றால் அளந்து பார்த்துவிடலாம்.

சிலிண்டர், காய்கறி மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். நாலு வீலையும் சுற்றாதபடி கேபிள் டை போட்டுச் சேசிஸோடு கட்டுங்கள். தராசின் கொக்கியை ரோபோவில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். ரோபோ சறுக்கத் தொடங்கும் நொடியில் தராசு காட்டும் எண்ணை ரோபோவின் எடையால் வகுத்தால் பிடிப்பின் அளவு வந்துவிடும். 8 கிலோ ரோபோ 6 கிலோவில் சறுக்கினால் 0.75. ட்ரெட் புதிதாக இருக்கும்போதே இதை எடுத்து, மார்க்கரால் சேசிஸின் அடியில் எழுதி வைத்துவிடுங்கள். கழுவிய பிறகும் அந்த எண்ணில் கால்வாசி குறைந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

துணி நூல் வெளியே தெரிந்தாலோ, முனை நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தாலோ தராசே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

எந்தத் தரைக்கு எந்த ரப்பர்?

ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை ஷோர் ஏ எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய ரப்பர் மெத்தென்று இருக்கும், தேய்வதும் வேகமாகத் தேயும்.

கல்லூரி விழாக்களில் அரங்கம் பெரும்பாலும் பெயின்ட் அடித்த பிளைவுட், அல்லது அச்சடித்த பிளெக்ஸ். இரண்டுமே வழவழப்பு. இங்கே 30 முதல் 45 வரை உள்ள மெத்தென்ற, தட்டையான ரப்பர்தான் ஜெயிக்கும். பட்டன், கோடு, முள் போட்ட ரப்பர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் வழவழப்பான தரையில் தொடும் பரப்பு குறைந்து பிடிப்பும் குறையும். மோட்டார் பைக் டயர் மாதிரி இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கார்ப்பெட்டுக்கு நேர் எதிர். மேலே குமிழ் குமிழாக இருக்கும் ரஃப் டாப் பெல்ட் அதன் இழைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். சாய்வான கன்வேயரில் அட்டைப்பெட்டி சறுக்காமல் ஏற்றுவதற்காகச் செய்த பெல்ட் அது. அடியில் துணி இருப்பதால் இழுத்தாலும் நீளாது, ரிவெட் (ஓட்டையில் நுழைத்து, கன்னால் அதன் ஆணியை இழுத்தால் உள்பக்கம் குமிழாக விரிந்து பிடித்துக்கொள்ளும் உலோகக் குழாய்) அடித்தாலும் கிழியாது. ஃபோம் மேட் தரைக்கு 40 முதல் 50 வரை உள்ள சாதா ரப்பர் போதும்.

சிமென்ட், மொசைக் தரையில் பயிற்சி செய்து பிளைவுட்டில் போட்டியிடுகிறீர்கள் என்றால் இரண்டு செட் வீல் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் எந்தக் கூடத்திலும் செருப்போடு வந்த மணல் கொஞ்சமாவது கிடக்கும். மெத்தென்ற ரப்பரில் அந்த மணல் பொதிந்துகொண்டால் ட்ரெட் உப்புத்தாளாகிவிடும், போட்டி நாளில் பிளெக்ஸில் கீறல் விழும்.

இதெல்லாம் உள்ளூரில் கிடைக்குமா? சென்னைக்குப் போக வேண்டுமா?

பெரும்பாலும் கிடைக்கும். பெயர் சொல்லிக் கேட்காமல், வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ரஃப் டாப் பெல்ட்டுக்கு, பெட்டி நகர்த்தும் கன்வேயர் வைத்திருக்கும் யூனிட்களின் மெயின்டனன்ஸ் ஆட்களை அணுகலாம். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் விசாரித்துப் பாருங்கள். கழற்றிப் போட்ட பெல்ட்டில் ஓரம் தேய்ந்திருந்தாலும் நடுவில் நல்ல துண்டு இருக்கும். நாலு வீலுக்கு ஏறக்குறைய 1.3 மீட்டர் நீளம், 25 மி.மீ. அகலம்தான் தேவை. வீணாவதற்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் கேளுங்கள்.

தட்டை ரப்பர் ஷீட் ஹார்டுவேர் கடையில் கேஸ்கெட் ஷீட் என்ற பெயரில் இருக்கும். 3 மி.மீ. தடிமன் வாங்குங்கள். கட்டை விரல் நகத்தால் அழுத்தும்போது நன்றாகப் பதிந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் நமக்கு ஆகும், கல்லு மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். செருப்பு சோல் ஷீட் இலேசானது, மலிவானது, ஆனால் ஒரு நாள் போட்டியிலேயே ஓரம் பொடிந்துவிடும். பழைய டியூப் பஞ்சர் கடையில் கிடைக்கும் (அதைப் பற்றிக் கீழே தனியாக).

நெய்வேலி சுரங்கத்துப் பெல்ட் துண்டு கிடைத்தால் போதும் என்று பலர் தேடுகிறார்கள். அங்கே நீண்ட தூரம் ஓடும் பெரிய பெல்ட்டுகளுக்குள் எஃகுக் கம்பி ஓடும், ரப்பரும் தேய்மானத்தைத் தாங்கச் செய்த கடின ரகம். கட்டர் பிளேடு உடையும், வேலையும் ஆகாது.

எத்தனை மி.மீ. நீளம் வெட்டுவது?

ரிம்மில் 100 என்று எழுதியிருந்தாலும் அளக்காமல் நம்ப வேண்டாம், 98.5 கூட இருக்கும். ஒரு துண்டுக் காகிதத்தை ரிம்மைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஊசியால் குத்திப் பிரித்து அளந்தால் சுற்றளவு சரியாக வரும். சரியாக 100 என்றால் சுற்றளவு 314.

துணி அடித்த பெல்ட்டில் துணி நீளாது, மேலே உள்ள ரப்பர்தான் நீளும். அதனால் துணியின் நடுத் தடிமன் ரிம்மிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் கணக்கு. துணி 1 மி.மீ. என்றால் விட்டம் 101, நீளம் 317. முதலில் 320 வெட்டுங்கள். சுற்றிப் பார்த்து மிஞ்சுவதை அரை அரை மி.மீ. ஆகச் சீவுங்கள். இரண்டு முனையும் முட்டி, லேசாக நெருக்கி நிற்க வேண்டும். வளைக்கும்போது மேல் ரப்பர் பின்னுக்கு இழுத்து, சந்தில் ஒரு சின்ன வாய் திறக்கும். முனையை வெட்டும்போது பிளேடைச் சற்றுச் சாய்த்து, மேற்பக்கம் 1 மி.மீ. நீளமாக விட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

துணி இல்லாத 3 மி.மீ. ஷீட்டை இழுத்துத்தான் மாட்ட வேண்டும். நடுத் தடிமனில் கணக்குப் போட்டால் 103 × 3.14, அதாவது 323. அதில் 4 சதவீதம் குறைத்து 310 வெட்டுங்கள். இழுவை இல்லாமல் மாட்டினால், ஓடி ஓடி ரப்பர் சற்று நீண்டதும் தொளதொளத்துவிடும். 8 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் ரிவெட் ஓட்டையிலிருந்து கிழியத் தொடங்கும்.

அகலத்தை 25க்குப் பதில் 24 வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மை விட்டு வெளியே நீட்டும் ஓரம் திரும்பும்போதெல்லாம் மடங்கும், அங்கிருந்துதான் உரியும்.

வெட்டும்போது ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு, சோப்புத் தண்ணீர். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்த்தால் கோடு வளையும், நாலைந்து இலேசான இழுப்பில் அறுங்கள். துணி முனையை லைட்டரால் ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது.

முனையை நேராக வெட்டுவதா, சாய்வாக வெட்டுவதா?

சாய்வாக வெட்டினால் சந்து தரையில் படும்போது தடக் என்று அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கூர் முனை ஒன்று உருவாகிறது, அது எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கிக்கொள்ளும். 40 மி.மீ.க்கு மேல் அகலமான வீலுக்குச் சாய்வு சரி. 25 மி.மீ. வீலுக்கு நேர் வெட்டே நல்லது.

பசை போதுமா, ரிவெட் வேண்டுமா?

3 கிலோவுக்குக் கீழே உள்ள லைன் ஃபாலோயர் (தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் ரோபோ), சின்ன சுமோ ரோபோ (எதிராளியை அரங்கத்துக்கு வெளியே தள்ளும் ரோபோ) என்றால் பசை போதும். அதற்கு மேல், குறிப்பாகத் தள்ளுமுள்ளு உள்ள போட்டியில், ரிவெட் அல்லது ஸ்க்ரூ கட்டாயம். ரிம் என்ன பிளாஸ்டிக் என்பதையும் பாருங்கள். நைலான், டெல்ரின், பாலிபுரோப்பிலீன் ரிம்மில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. காயும்வரை நின்றதுபோல் இருக்கும், நகத்தால் நெம்பினால் ஒரே தாளாக உரிந்து வரும். அங்கே ரிவெட்தான்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்றால், துணி பெல்ட்டுக்குத் தேவையில்லை. துணி இல்லாத ஷீட்டுக்கு முனைகளில் மட்டும் பசை, மற்ற இடத்தில் ரிவெட் என்பது நல்ல கூட்டணி.

பழைய ரிவெட்டை எடுக்கப் போனால் டிரில்லோடு சேர்ந்து சுற்றுகிறது. என்ன செய்வது?

ரிவெட்டின் நடுவில் உடைந்து நிற்கும் ஆணித் துண்டு எஃகு. அதன்மேல் நேராக டிரில் வைத்தால் பிட் நழுவும், ரிவெட் சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும், ஓட்டை பெரிதாகும். முதலில் 2 மி.மீ. ஆணியை அந்தத் துண்டின்மேல் வைத்து ஒரு தட்டு தட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். பிறகு 3.2 ரிவெட்டுக்கு 3.5 பிட், மெதுவான வேகம். தலை கழன்று பிட்டோடு வந்துவிடும், மிச்சத்தை ஆணியால் தட்டி வெளியே தள்ளலாம். அப்படியும் சுற்றினால் உள்பக்கக் குமிழை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டு டிரில் செய்யுங்கள்.

ஓட்டை 3.6க்கு மேல் பெரிதாகியிருந்தால் அதையே மறுபடி பயன்படுத்தாதீர்கள். 10 மி.மீ. தள்ளிப் புது ஓட்டை போடுங்கள்.

ரிவெட் அடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரு வீலுக்கு 8 ரிவெட் கணக்கு. முனைக்கு இரண்டு வீதம் நாலு, நடுவில் ஏறக்குறைய 60 மி.மீ.க்கு ஒன்று வீதம் நாலு. நாலு வீலுக்கு 32, தவறுவதற்கும் சேர்த்து 50 வாங்குங்கள். அளவு 3.2 × 10, அலுமினியம். எஃகு ரிவெட் வேண்டாம், கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம் தாண்டினால் துருப்பிடித்துத் தலை பொடிந்துவிடும். கூடவே எம்3 வாஷர் 64. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் மேலே ஒன்று, உள்ளே ஒன்று.

நீளம் 10 எப்படி வந்தது? துணி 1, ரிம் 4, வாஷர் இரண்டு சேர்ந்து 1, ஆக 6. அதோடு ரிவெட் விட்டத்தைப் போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு சேர்க்க வேண்டும். 9.2 முதல் 10.8 வரை வரும், 10 சரி. ரிவெட் நீளம் போதாவிட்டால் உள்ளே குமிழ் முழுதாக உருவாகாது. அதிகமாக நீண்டால் குமிழ் கோணலாகி ஆடும்.

ரிவெட் தலை ரப்பரின் மேல் உட்காரக் கூடாது, துணியின் மேல் உட்கார வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் நல்ல வேலையும் ஏனோதானோ வேலையும் பிரிகின்றன. ரப்பர்மேல் அடித்தால் இரண்டு ஆட்டத்தில் ரப்பர் அமுங்கி ரிவெட் தளர்ந்துவிடும், தலை தரையைத் தொட்டு அரங்கத்தைக் கீறும். அதனால் 8 மி.மீ. தோல் பஞ்சை (தோலில் வட்ட ஓட்டை போடும் கருவி) ரப்பர்மேல் வைத்து, சுத்தியால் அடிக்காமல், அழுத்தித் திருகுங்கள். துணி தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டு, வட்டத் துண்டை பிளேடால் நெம்பி எடுங்கள். அடியில் வெள்ளைத் துணி தெரியும் குழி ஒன்று கிடைக்கும். 7 மி.மீ. வாஷரும் ரிவெட் தலையும் அதற்குள் அடங்கிவிடும்.

முனைக் குழிகளின் மையம் முனையிலிருந்து 8 மி.மீ., ஓரத்திலிருந்து 7 மி.மீ. துணியில் ஓட்டை போட டிரில் பிட் வேண்டாம், நூலைச் சுற்றி இழுத்துவிடும். சின்ன தோல் பஞ்சோ, சூடு காட்டிய 3 மி.மீ. ஆணியோ போதும். பி.வி.சி. பெல்ட்டில் சூட்டு ஆணி வைக்காதீர்கள், அந்தப் புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும், உடலுக்குக் கெடுதல்.

இனி மாட்டும் வரிசை. ரிம்மில் ஆரக்கால் வரும் இடங்களை மார்க்கரால் குறித்துவிடுங்கள், ஓட்டை அங்கே விழக் கூடாது. ஒரு முனையை வைத்து 3.3 பிட்டால் ரிம்மைத் துளைத்து, இரண்டு ரிவெட்டையும் அடியுங்கள். பிறகு பெல்ட்டை இழுத்துப் பிடித்து அடுத்த இடம், அதன்பின் அடுத்தது என்று ஒரே திசையில் போங்கள். எல்லா ஓட்டையையும் ரிம்மில் முன்கூட்டியே போட்டு வைத்தால் கடைசி முனை 3 மி.மீ. தள்ளித்தான் நிற்கும். கடைசி இரண்டு ரிவெட்டுக்கு ஒருவர் பிளையரால் முனையை நெருக்கிப் பிடிக்க, இன்னொருவர் துளைக்க வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் வீலை வைஸில் கட்டிக்கொள்ளுங்கள்.

ரிவெட் கன்னின் மூக்கு ரப்பர்க் குழிக்குள் இறங்கி வாஷரைத் தொடும்வரை நன்றாக அழுத்திப் பிடித்த பிறகே கைப்பிடியை இழுங்கள். ஆணி டப் என்று உடையும் சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த ரிவெட் பிடிக்கவில்லை.

எட்டும் அடித்து முடித்ததும் வீலைத் தரையில் உருட்டிக் காது கொடுங்கள். ரப்பர்ச் சத்தம் மட்டும் கேட்டால் சரி. க்ளிக் க்ளிக் என்று கேட்டால் எங்கேயோ தலை தரையைத் தொடுகிறது.

ரிவெட் அடித்ததும் ரிம் விரிசல் விட்டுவிட்டது.

உள்பக்க வாஷர் போட்டிருக்க மாட்டீர்கள். குமிழ் விரியும் விசை முழுக்க ஓட்டையின் விளிம்பில் இறங்கும், அக்ரிலிக், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தாங்காது. வாஷர் அந்த விசையைப் பரப்பிவிடும். உள்பக்கம் வாஷர் நுழைய இடமே இல்லாத வீலுக்கு எம்3 பட்டன் ஹெட் ஸ்க்ரூவும் நைலாக் நட்டும் (அதிர்வில் தளராத நட்), அதுவும் நுழையாவிட்டால் 2.9 × 9.5 செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவும் போடலாம். செல்ஃப் டேப்பிங்குக்கு 2.2 முதல் 2.4 வரை ஓட்டை.

பசை என்றால் எது, எப்படி?

செருப்புக் கடையில், மைக்கா ஒட்டும் இடத்தில் பயன்படுத்தும் மஞ்சள் நிறக் கான்டாக்ட் பசை. ஃபெவிபாண்ட் போன்றவை இந்த ரகம். சைக்கிள் கடைச் சொல்யூஷன் டியூபையும் பேட்சையும் சேர்க்கச் செய்தது, பிளாஸ்டிக் ரிம்மில் அதை நம்ப முடியாது. ஹாட் க்ளூ வேண்டவே வேண்டாம், மோட்டார் சூட்டிலேயே இளகும்.

ரிம்மையும் ரப்பரையும் 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். ஆல்கஹாலால் துடையுங்கள். ஏ.பி.எஸ்., அக்ரிலிக் ரிம்மில் அசிட்டோன் படக் கூடாது, கரைந்துவிடும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காய விடுங்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் நூல் இழுக்கக் கூடாது, அதுதான் பதம். சாதாரண நாளில் 10 முதல் 15 நிமிடம் ஆகும். பிறகு ஒரு முனையில் தொடங்கி இழுத்து இழுத்து ஒட்டுங்கள். தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. சப்பாத்திக் கட்டையால் பலமாக உருட்டி அழுத்துங்கள். இந்தப் பசைக்கு நேரத்தைவிட அழுத்தம் முக்கியம். முழுப் பலம் வர 24 மணி நேரம், ஆகவே போட்டிக்கு முந்தின இரவு ஒட்டுவது பிழை.

ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டினால் மட்டும் உரிந்துவிடுகிறதே?

பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளி மாதிரி நீர் படியும். பசை லேசாக வெளுத்துத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதன்மேல் ஒட்டினால் இரண்டு பசைக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் நிற்கும்.

அடைமழை நாளில் ஏசி அறையில் செய்யுங்கள், காயும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். ஒட்டுவதற்கு முன் ஹேர் டிரையரால் இரண்டு பக்கமும் வெதுவெதுப்பாகும்வரை காட்டுங்கள், ஆனால் கரைப்பான் வாசனை அடங்கிய பிறகுதான், அந்த ஆவி தீப்பிடிக்கும். ஃபெவிக்விக் வகைக்கு இதற்கு நேர்மாறு: அது ஈரத்தால்தான் இறுகுகிறது, நம் ஊர்க் காற்றில் இன்னும் வேகமாக இறுகும். திறந்த டியூபை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

ட்ரெட் நடுவில் உப்பிக்கொண்டு வருகிறது.

இரண்டு ரிவெட்டுக்கு நடுவே உப்பினால் இழுவை போதவில்லை அல்லது இடைவெளி அதிகம். 60 மி.மீ.க்கு மேல் விட்டிருந்தால் நடுவில் ஒன்று கூடுதலாக அடியுங்கள். எப்போதும் ஒரு ரிவெட்டுக்கு ஒரே பக்கத்தில் மட்டும் உப்பினால், ரோபோ திடீர் பிரேக் போடும்போது ரப்பர் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பொருள். புரோகிராமில் வேகத்தை ஒரே தாவலில் பூஜ்யமாக்காமல் 0.2 நொடி எடுத்துக் குறைத்தால் பாதி பிரச்சினை போய்விடும்.

ஒரு வீலில் மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. இடது வீல் 110 மி.மீ., வலது வீல் தேய்ந்து 108 மி.மீ. என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுத் தூரம் 350 மி.மீ. என்றால் ரோபோ நேர்கோட்டில் போகாது, 19 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும். 5 மீட்டர் போவதற்குள் 65 செ.மீ. பக்கவாட்டில் விலகியிருக்கும். 2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோல் போஸ்ட்டை விட்டு விலகிப் போய்விடும். நாலையும் ஒரே பெல்ட் துண்டிலிருந்து, ஒரே நாளில் மாற்றுங்கள். செயினால் இணைத்த முன், பின் வீல்கள் வேறு வேறு விட்டத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும்.

புது ட்ரெட் போட்டதும் தானியங்கி ஓட்டத்தில் தூரம் தப்புகிறது.

தப்பத்தான் செய்யும். வெறும் ரிம்மின் ஒரு சுற்று 314 மி.மீ. 5 மி.மீ. பெல்ட் போட்டால் விட்டம் 110, ஒரு சுற்று 345.6. இதுவே புதிய எண். ட்ரெட் 1 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 2 குறையும், ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. போய்விடும், 5 மீட்டர் ஓட்டத்தில் 9 செ.மீ. குறை.

கணக்கில் வந்த எண்ணை அப்படியே புரோகிராமில் போடாதீர்கள், எடை ஏறும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். வீலில் சாக்பீஸ் கோடு போட்டு, முழு எடையோடு ரோபோவைக் கையால் தள்ளி 10 சுற்று உருட்டுங்கள். தூரத்தை டேப்பால் அளந்து 10 ஆல் வகுங்கள். போட்டி நாள் காலையில் இதை ஒருமுறை செய்ய மூன்று நிமிடம் ஆகும்.

ட்ரெட் மாற்றிய அன்றே மோட்டார் டிரைவர் (மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் போர்டு) புகைந்துவிட்டது. ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இது தற்செயல் இல்லை. பழைய ட்ரெட் சறுக்கி சறுக்கி மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பிடிப்பு 0.5 ஆக இருந்தபோது 8 கிலோ ரோபோவின் நாலு வீலும் சேர்ந்து தரையைத் தள்ளக்கூடிய விசை 39 நியூட்டன்தான், அதற்கு மேல் போனால் சறுக்கிவிடும். பிடிப்பு 1.0 ஆனால் 78 நியூட்டன். 55 மி.மீ. ஆரத்தில் மோட்டார் ஒன்றுக்கு 11 கிலோ-செ.மீ. முறுக்கு. உங்கள் மோட்டாரின் ஸ்டால் டார்க் (சுற்ற முடியாமல் நிற்கும்போது அது தரும் முறுக்கு) இதைவிடக் குறைவு என்றால், எதிராளியை முட்டி நிற்கும்போது வீல் சறுக்காது, மோட்டார் அப்படியே நின்று முழு ஸ்டால் கரன்ட்டையும் இழுக்கும். டிரைவரில் இருக்கும் எல்298 சிப் சேனலுக்கு 2 ஆம்பியர் தாங்கும், அவ்வளவுதான்.

ஸ்டால் கரன்ட்டைத் தாங்கும் டிரைவர், மோட்டாருக்கு ஒரு ஃபியூஸ், அல்லது வேகம் குறைந்து முறுக்கு கூடும்படி கியரை மாற்றுவது, மூன்றில் ஒன்று செய்தாக வேண்டும். விட்டம் 10 சதவீதம் கூடியதால் தள்ளும் விசை 9 சதவீதம் குறைந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நின்ற இடத்தில் திரும்பும்போது ரோபோ குதிக்கிறது.

நாலு வீல் ரோபோ திரும்பும்போது எல்லா வீலும் பக்கவாட்டில் இழுபட வேண்டும். பிடிப்பு கூடியதும் இழுபடாமல் தேக்கி, விட்டு, தேக்கி, விட்டுக் குதிக்கும். முன் இரண்டு வீலில் மட்டும் கடின ரப்பர் போடுங்கள், அல்லது அங்கே ஓம்னி வீல் (பக்கவாட்டிலும் உருளும்படி விளிம்பில் சின்ன உருளைகள் உள்ள வீல்) மாட்டுங்கள். ஆறு வீல் ரோபோ என்றால் நடு ஜோடியை 2 முதல் 3 மி.மீ. இறக்கிவிடலாம்.

ஓம்னி, மெக்கானம் வீலுக்கு ட்ரெட்?

போட முடியாது. இரண்டிலும் விளிம்பில் இருப்பவை சின்ன உருளைகள், அவற்றை மாற்றலாம், அவ்வளவுதான்.

பழைய டியூபை வளையமாக வெட்டிப் போடலாமா?

சின்ன ரோபோவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஏனென்றால் சந்தே கிடையாது. டியூபைக் குறுக்கே வெட்டினால் வளையம். தட்டையாகப் படுக்க வைத்து அகலத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் வளையத்தின் சுற்றளவு. ரிம் சுற்றளவைவிட அது 15 சதவீதம் சின்னதாக இருக்க வேண்டும். 65 மி.மீ. வீலின் சுற்றளவு 204, ஆகவே தட்டை அகலம் 87 மி.மீ. உள்ள டியூப். 100 மி.மீ. வீலுக்கு 133 மி.மீ., கார் டியூப் பக்கம் போக வேண்டும். டேப்போடு பஞ்சர் கடைக்குப் போய் அளந்து எடுங்கள்.

உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மாட்டினால் ரிம்மின்மேல் வளையம் வழுக்கிச் சுற்றும். பேட்ச் போட்ட இடத்தையும், வார்ப்புத் தழும்பு ஓடும் இடத்தையும் தவிருங்கள்.

த்ரீ-டி பிரின்ட் ரிம்மில் வேறு கவனம் வேண்டுமா?

பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் ட்ரெட்டின் இழுவையே ரிம்மை முட்டை வடிவமாக்கிவிடும். பி.இ.டி.ஜி.யில் அச்சிடுங்கள், சுவர் அடுக்கு குறைந்தது 5 வையுங்கள். டிசைன் செய்யும்போதே ரிவெட் ஓட்டைகளையும், ட்ரெட் உட்கார இரண்டு ஓரத்திலும் 1 மி.மீ. வரப்பையும் வைத்துவிட்டால் வேலை பாதி குறையும்.

ஒட்டும் தன்மையுள்ள ட்ரெட் போட்டால் நடுவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

போட்டி விதியைப் படியுங்கள். சுமோ விதிகள் பலவற்றில் ஒரு சோதனை உண்டு: ரோபோவை ஏ4 தாளின்மேல் வைத்துத் தூக்கினால் தாள் இரண்டு நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. உலோக முள், உப்புத்தாள், வெல்க்ரோ போன்ற தரையைச் சேதப்படுத்தும் எதையும் பெரிய போட்டிகளில் விட மாட்டார்கள். ரிவெட் தலை தரையைத் தொட்டாலும் அதே கதிதான். ஸ்டீல் ஸ்கேலை ட்ரெட்டின்மேல் குறுக்கே வைத்து, தலை ஸ்கேலைத் தொடுகிறதா என்று நீங்களே முன்கூட்டிப் பாருங்கள்.

இரண்டு ஆட்டத்துக்கு நடுவே முனை தூக்கிவிட்டது. பத்து நிமிடம்தான் இருக்கிறது.

மாற்று வீல் செட் இருந்தால் வீலையே மாற்றுங்கள், நிதானமாகப் பிறகு பார்க்கலாம். இல்லையென்றால், ஆரக்கால் உள்ள வீலில், தூக்கிய முனையிலிருந்து 6 மி.மீ. தள்ளி ட்ரெட்டின் குறுக்கே பிளேடால் 2 மி.மீ. ஆழ வாய்க்கால் ஒன்று கீறுங்கள். 2.5 மி.மீ. கேபிள் டையை அந்த வாய்க்காலில் படுக்க வைத்து ரிம்மைச் சுற்றி இறுக்குங்கள். பூட்டு உள்பக்கம் இருக்கட்டும், வாலை ஒட்ட நறுக்குங்கள். எதிர் முனைக்கும் ஒன்று. கீறாமல் கட்டினால் டை தரையில் தேய்ந்து அரை நிமிடத்தில் அறுந்துவிடும். முனைக்கு அடியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு 30 நொடி அழுத்திப் பிடித்தால் கூடுதல் பலம். வாய்க்கால் கீறிய பெல்ட்டை அந்த ஆட்டத்தோடு கழற்றிப் போட்டுவிடுங்கள், அடுத்த தடவை கிழிவது அந்தக் கோட்டில்தான்.